பொது மருத்துவ நிலையங்களின் தர ஆய்வு (இங்கிலாந்து)

பொது மருத்துவ நிலையங்களின் தர ஆய்வு என்பது இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் நடத்தும் சிகிச்சை நிலையங்களின் பாதுகாப்பையும் தரத்தையும் அரசு சார்ந்த சுதந்திர அமைப்பொன்று நேரில் சென்று சோதித்து, தர மதிப்பீடு வழங்கும் நடைமுறை ஆகும். இதனைச் செய்யும் அமைப்பு பராமரிப்புத் தர ஆணையம் (கேர் குவாலிட்டி கமிசன்) எனப்படும். இந்நிலையங்களில் பெரும்பாலானவை தேசிய சுகாதார சேவையுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களின் சொந்தப் பொறுப்பில் இயங்குபவை. அரசு மருத்துவமனைகள் அல்ல.

வரலாறு

மான்செசுட்டர் பெருநகரப் பகுதியிலுள்ள ஐடு என்னும் ஊரில் தனியாக மருத்துவ நிலையம் நடத்திவந்த அரோல்டு சிப்மன், 15 நோயாளிகளைக் கொன்றதற்காக 2000 சனவரியில் தண்டிக்கப்பட்டார். நீதிபதி சேனட் சுமித் தலைமையிலான விசாரணைக் குழு, கொல்லப்பட்டோர் 215 பேர் என 2002இல் கண்டறிந்தது. இத்தனை ஆண்டுகள் அவரை எவரும் கண்டுகொள்ளாதது எப்படி என்ற கேள்வி, குடும்ப மருத்துவர்களை யார் கண்காணிப்பது என்ற விவாதத்தைக் கிளப்பியது. எனினும் இன்றைய ஆய்வுமுறை அதன் நேரடி விளைவு என்று கூறுவது பொருந்தாது. நற்பெயரும் ஒழுங்கான அலுவலகமும் கொண்ட ஒரு கொலையாளியை இத்தகைய ஆய்வு பிடித்திருக்குமா என்பதும் ஐயமே.

2008ஆம் ஆண்டின் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட ஆணையம், முன்பிருந்த மூன்று கண்காணிப்பு அமைப்புகளுக்கு மாற்றாக 2009 ஏப்ரல் 1 முதல் இயங்கத் தொடங்கியது. 2013 ஏப்ரல் 1 முதல் பொது மருத்துவ நிலையங்களும் அதில் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் இத்துறைக்கெனத் தலைமை ஆய்வாளராக இசுட்டீவ் பீல்டு நியமிக்கப்பட்டார். தர மதிப்பீடுகள் 2014இன் பிற்பகுதியில் தொடங்கின. 2015 ஏப்ரல் முதல் தமக்குக் கிடைத்த மதிப்பீட்டை நோயாளிகள் காணும்படி நிலையங்கள் ஒட்டிவைக்க வேண்டும்.

ஆய்வு முறை

ஆய்வுக்குழுவில் ஆணையத்தின் ஆய்வாளரோடு ஆலோசகராக ஒரு பொது மருத்துவரும் இடம்பெறுவார். நிலையம் பாதுகாப்பானதா, சிகிச்சை பயனளிக்கிறதா, பரிவுடன் நடத்துகிறதா, நோயாளிகளின் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நன்கு நிர்வகிக்கப்படுகிறதா என்ற ஐந்து கேள்விகளே ஆய்வின் அடிப்படை. மதிப்பீடு 'மிகச் சிறப்பு', 'நன்று', 'மேம்பாடு தேவை', 'போதாது' என நான்கு படிகளைக் கொண்டது.

நடைமுறையில் பார்க்கப்படுபவை சிறிய விடயங்களாகத் தோன்றலாம். தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருந்ததா என அன்றாடம் குறித்து வைத்துள்ளனரா என்பது அவற்றுள் ஒன்று. வெப்பத்தாலோ உறைவதாலோ கெட்ட தடுப்பூசியைப் பார்வையால் அறிய முடியாது. குழந்தைக்கு ஊசி போடப்பட்டிருக்கும், நோயெதிர்ப்புத்தான் இராது. இதைப் போன்றதே மருந்துக் கண்காணிப்பு. மெத்தோட்ரெக்சேட்டு, லித்தியம் போன்றவற்றை உட்கொள்வோர்க்குக் குறித்த கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். பரிசோதனை முடிவைப் பாராமலே மருந்துச்சீட்டு புதுப்பிக்கப்படுகிறதா என்பதை நிலையத்தின் கணினிப் பதிவேடுகளில் தேடிப் பார்க்கின்றனர். அவசர மருந்துகள், ஊழியர்களின் பின்னணிச் சோதனை, நேர்ந்த தவறுகளை ஊழியர்கள் கூடி ஆராய்ந்த பதிவுகள் முதலியனவும் கேட்கப்படும்.

'போதாது' எனப்படும் நிலையம் சிறப்பு நடவடிக்கையின்கீழ் வைக்கப்பட்டு, ஆறு மாதங்களுக்குள் மீண்டும் ஆய்வுசெய்யப்படுவது வழக்கமாக இருந்தது. திருந்தாதவிடத்துப் பதிவு நீக்கப்படலாம். உயிருக்கு ஆபத்து எனில் உடனடியாக இடைநிறுத்தவும் சட்டம் இடமளிக்கிறது. ஒரு நிலையம் மூடப்பட்டால் அதன் நோயாளிகள் அனைவரும் அண்டை நிலையங்களுக்குப் பிரித்தனுப்பப்படுவர் என்பதால் இது எளிதில் எடுக்கப்படும் முடிவன்று.

2017இல் முடிவுற்ற முதற் சுற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது நிலையங்கள் 'நன்று' அல்லது 'மிகச் சிறப்பு' எனப்பட்டன.

விமர்சனங்கள்

2014 நவம்பரில், நேரில் ஆய்வுசெய்யும் முன்னரே, புள்ளிவிவரங்களைக் கொண்டு நிலையங்களை ஆறு இடர்ப் பிரிவுகளாக வகைப்படுத்தி ஆணையம் வெளியிட்டது. எங்கு முதலில் செல்வது என்று முடிவுசெய்வதற்கான அப்பட்டியலைச் செய்தித்தாள்கள் தரவரிசையாகவே எடுத்துக்கொண்டன. கணக்கீட்டில் பிழைகள் இருந்தமை தெரியவந்து ஆணையம் மன்னிப்புக் கோரியது. 2015இல் அவ்வகைப்பாடு கைவிடப்பட்டது.

பிரித்தானிய மருத்துவர் சங்கம் ஒற்றைச்சொல் மதிப்பீட்டைத் தொடர்ந்து எதிர்த்துவருகிறது. தெற்காசிய வம்சாவளியினர் உட்பட, சிறுபான்மை இன மருத்துவர்கள் நடத்தும் நிலையங்கள் பாரபட்சமாக மதிப்பிடப்படுகின்றன என்ற முறைப்பாடும் உண்டு. இதுபற்றி ஆணையமே ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கை, அந்நிலையங்கள் வறிய பகுதிகளிலும் ஒற்றை மருத்துவருடனும் இயங்குவது மிகுதி என்பதையும், அச்சூழல் மதிப்பீட்டைப் பாதிக்கக்கூடும் என்பதையும் ஏற்றது.

அண்மைய மாற்றங்கள்

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் வழமையான ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. 2023 நவம்பரில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான புதிய மதிப்பீட்டுச் சட்டகம் அறிமுகமானது. பென்னி தாசு தலைமையிலான மீளாய்வு 2024இல் இதனைக் கடுமையாகக் குறைகூறியது. ஆணையம் மதிப்பிடவேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருபோதும் மதிப்பீடு பெறவில்லை எனவும், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வு முடிவுகளைப் புதியவற்றோடு சேர்த்து நடப்பு மதிப்பீடு கணக்கிடப்படுகிறது எனவும் அது கண்டது. அதன் பின்னர் துறைவாரியான சட்டகங்களுக்குத் திரும்ப ஆணையம் முன்வந்தது.

இவ்வாணையத்தின் அதிகாரம் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது. இசுக்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள் உள்ளன.