ஒரு பழைய லாட்ஜின் கதையும் நம் சந்தாப் புத்தகமும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "கல்லூரி நினைவுகள் மட்டும் வேண்டாம் தம்பி, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியே நாலு கட்டுரை வந்துவிட்டது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் சரித்திரம் எழுதுகிறேன். சரித்திரத்துக்கும் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: எங்கள் பேட்சுக்குச் சங்கச் சந்தா வசூலிக்கும் பொறுப்பு மூன்று வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. வகுப்பில் 61 பேர். ரசீதுப் புத்தகத்தில் இதுவரை கிழிந்தது 14 தாள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ராத்திரி தூக்கம் வராதவன், மற்ற சங்கங்கள் எப்படிப் பிழைத்தன என்று தேடிப் படிப்பது இயற்கைதானே!

தேடல் ஆரம்பித்தது ரயிலில். கோவை எக்ஸ்பிரஸில் திருப்பூரில் ஏறிச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு பெரியவர், கோயமுத்தூர்க்காரர், ஜவுளி மெஷின் உதிரிபாக ஏஜென்சி நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மோதிரத்தில் மூலைமட்டமும் கவராயமும் பின்னிய ஒரு சின்னம் இருந்தது. நம்ம டிராயிங் ஹால் ஞாபகத்தில், "நீங்களும் இன்ஜினியருங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "இல்லீங்க தம்பி, இது ஃப்ரீமேசன் அடையாளம்" என்றார். சேலம் வரும்வரை பேசினோம். நான் கடைசியாகக் கேட்டது: "உங்க சங்கத்துக்கு எப்படீங்க ஆள் பிடிக்கறீங்க?" அவர் சொன்ன பதில்தான் என்னைச் சீட்டில் நிமிர்ந்து உட்கார வைத்தது: "நாங்க புடிக்கறது இல்லீங்க. அவங்களா வந்து கேக்கோணும். அதுதான் பழைய முறை."

ஃப்ரீமேசன்களின் கிளைக்குப் பெயர் 'லாட்ஜ்'. லாட்ஜ் என்றதும் நம் ஆட்களுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் ரூம் வாடகைக்கு விடும் லாட்ஜ்தான் ஞாபகம் வரும், அது இல்லை. கோயில் கட்டும் கல்தச்சர்கள் வேலையிடத்தில் கூடிய கொட்டகைக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர். அவர்களுடைய கருவிகளையும் சடங்குகளையும் எடுத்துக்கொண்டு, கல்லே உடைக்காத கனவான்கள் அமைத்த சகோதர சங்கம் இது. 1717-ல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் சேர்ந்து 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமை அமைப்பை உண்டாக்கின. அடுத்த 35 வருஷத்துக்குள், 1752-ல், சென்னைக்கும் லாட்ஜ் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் போன இடமெல்லாம் கிரிக்கெட் போனதுபோல இதுவும் போனது.

சென்னைக் கடற்கரைச் சாலையில் டி.ஜி.பி. அலுவலகத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக் கட்டடத்தின் மூலக் கட்டடம் 1839-ல் எழும்பியது போலீசுக்காக அல்ல. 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' என்ற லாட்ஜின் கூடமாக. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் துறை அதில் குடிவந்தது. 1874-ல் 20,000 ரூபாய்க்கு அரசே விலைக்கு வாங்கிக்கொண்டது. சொந்தக் கட்டடத்தை விற்றுவிட்ட சங்கம் அதோடு கரைந்திருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். ஆனால் அந்த லாட்ஜ் கரையவில்லை. எழும்பூரில் இன்றும் ஃப்ரீமேசன் ஹால் என்று இருப்பது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துக் கட்டியது. (நம் சங்கத்தில் கட்டட நிதிக்கு ஆறு வருஷமாக நடக்கும் விவாதத்தை இங்கே யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்!)

கட்டடம் இல்லாமலும் சங்கம் இருக்கலாம். ஆள் இல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆள் விஷயத்தில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

1775 வாக்கில் திருச்சிராப்பள்ளியில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா லாட்ஜில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இந்தியாவில் ஃப்ரீமேசன் ஆன முதல் இந்தியர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் மகிழ்ந்துபோய் அவருக்கு அலங்கார மேலாடையும் தங்கள் சட்டப் புத்தகமும் அனுப்பி வைத்தது. நவாப் வீட்டுப் பிள்ளைக்கு ராஜோபசாரம். சரி, அதற்குப் பிறகு? சாதாரண இந்தியனுக்குக் கதவு நூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மூடியே கிடந்தது.

பம்பாயில் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிக்காரர் சேரக் கேட்டார். மறுத்தார்கள். மனுஷன் விடவில்லை, பாரிஸுக்குப் போய் அங்கே ஃப்ரீமேசன் ஆகிவிட்டுத் திரும்பி வந்தார்! அப்படியும் உள்ளூர் லாட்ஜ் சேர்க்க மனம் வைக்கவில்லை. கடைசியில் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1843-ல் இந்தியர்களைச் சேர்ப்பதற்கென்றே 'ரைசிங் ஸ்டார்' என்று தனி லாட்ஜ் ஆரம்பித்தார். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வியாபாரியின் கதை இன்னும் நீளம். 1863-ல் கேட்டார். இந்துக்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், ஒரே இறைவன் என்று அவர்களால் எப்படி உறுதிமொழி எடுக்க முடியும் என்று ஆட்சேபம். சட்டப் புத்தகத்தில் ஆசியர்களுக்குத் தடையாக ஒரு விதி வேறு. கடிதம், மேல்முறையீடு, மறுபடி கடிதம் என்று ஒன்பது வருஷம் போராடி 1872-ல் உள்ளே போனார்.

அவர் திறந்த வழியில் யாரெல்லாம் வந்தார்கள் தெரியுமா? 1884-ல் கல்கத்தாவில் நரேந்திரநாத் தத்தா என்ற 21 வயது இளைஞர் சேர்ந்தார். பின்னாளில் அவர் விவேகானந்தர். மோதிலால் நேருவும் ஃப்ரீமேசன். சென்னையிலும் 1880-களில் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு 'கர்நாடிக்' லாட்ஜ் வந்தது. மேஜையில் பைபிளோடு கீதையும் குர்ஆனும் ஜெண்ட் அவெஸ்தாவும் ஏறின. உறுதிமொழி அவரவர் புத்தகத்தின் மேல். லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியலும் பேசக்கூடாது என்பது விதி. நம் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புக்கு யாராவது இதை அனுப்பி வையுங்கள்.

இந்தத் திறப்பின் பலன் 1947-ல் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவர்களுடைய எத்தனையோ கிளப்புகளுக்கும் சங்கங்களுக்கும் நாற்காலி மட்டும் மிஞ்சியது. லாட்ஜ்களில் எழுபது எண்பது வருஷமாகச் சடங்கு தெரிந்த, கணக்கு எழுதத் தெரிந்த, தலைமை வகித்த இந்தியர்கள் இருந்தார்கள். 1961 நவம்பர் 24-ல் டெல்லியில் 'கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா' உருவானது. ராம்பூர் நவாப் ரஸா அலி கான் முதல் தலைவர். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, புதிய அமைப்பில் சேர்வதா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து தலைமைக்குக் கீழேயே இருப்பதா என்று லாட்ஜ்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். சில பழைய லாட்ஜ்கள் பழைய தலைமையோடேயே தொடர்ந்தன. பெர்ஃபெக்ட் யுனானிமிட்டியும் அதில் ஒன்று. புதிய அமைப்பு நாட்டை நான்கு பிராந்தியங்களாகப் பிரித்தது. தென்பிராந்தியத்துக்குத் தலைமையிடம் சென்னை.

ரயில் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வந்தவனை எப்படி நிறுத்தி வைக்கிறார்கள் என்பது. புது உறுப்பினருக்கு உடனே ஒரு வேலை. விருந்து பரிமாறுவதில் ஆரம்பித்து, வாசல் காப்பது, சடங்கில் துணை நிற்பது என்று வருஷத்துக்கு ஒரு படியாக ஏறி, ஏழெட்டு வருஷத்தில் தலைவர் நாற்காலி. அதிலும் ஒரு வருஷம்தான். அப்புறம் இறங்கி அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். நம் மாதிரி ஒரே செயலாளர் பதினொரு வருஷம் இருக்கும் கூத்து கிடையாது. (அண்ணா மன்னிக்க. வேறு யாரும் முன்வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.)

செயலாளருக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது என்பதற்கு ஒரு ருசியான ஆதாரம் உண்டு. எழுத்தாளர் கிப்ளிங் 1886-ல் லாகூர் லாட்ஜில் சேர்ந்தபோது வயசு 20. விதிப்படி 21 ஆகியிருக்க வேண்டும். விசேஷ அனுமதி வாங்கிச் சேர்த்தார்கள். ஏன் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்: லாட்ஜுக்கு ஒரு நல்ல செயலாளர் தேவைப்பட்டதாம்!

இன்னொரு பதவி 'ஆல்மனர்'. யார் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, இறந்துபோன உறுப்பினரின் மனைவி எப்படி இருக்கிறார் என்று பார்ப்பது மட்டுமே இவர் வேலை. சந்தா கேட்பது இவர் வேலை இல்லை. இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. நான் எங்கள் பேட்சில் 47 பேருக்குப் போன் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சந்தாவுக்காக.

இதெல்லாம் இருந்தும் அவர்களுக்கு இறங்குமுகம் வராமல் இல்லை. அமெரிக்காவில் 1959-ல் 41 லட்சம் ஃப்ரீமேசன்கள் இருந்தார்கள். 2020 வாக்கில் பத்து லட்சத்துக்கும் கீழே. உலக யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் சேரவில்லை. பயந்துபோய்ச் சில மாநிலங்களில் மாதக்கணக்கில் படிப்படியாகத் தரும் மூன்று நிலைகளையும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தந்து பார்த்தார்கள். எண்ணிக்கை ஏறியது, சுலபமாக வந்தவன் சுலபமாகப் போய்விடுகிறான் என்று உள்ளுக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. இங்கிலாந்துக்காரர்கள் 2005-ல் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்க்க ஒரு தனித் திட்டம் ஆரம்பித்தார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது. பெண்களை மட்டும் இந்த இரண்டு கிராண்ட் லாட்ஜ்களும், நம் நாட்டினுடையதும், இன்றுவரை சேர்ப்பதில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம் இருக்கும் ஊரிலிருந்து பார்க்கும்போது எனக்கு இது புரியவே இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து ஷரத் சாரி என்பவர் 2004-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'ஃப்ரட்டர்னல் கேப்பிடல்' என்று தலைப்பு. 'சகோதர முதல்' என்று சொல்லலாம். காட்டு வேலையும் கம்பெனி வேலையும் பார்த்தவர்கள், கூட வேலை செய்தவனையே பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, ரெண்டு மெஷின் போட்டு, முதலாளி ஆன கதை. சட்டப் புத்தகமும் மோதிரமும் இல்லாத சகோதர சங்கம் அது. 1956-ல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம், 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் என்று முறைப்படியான அமைப்புகளும் வந்தன. தனி ஆளால் முடியாத ஆடைப் பூங்காவுக்கும் ஃபேஷன் கல்லூரிக்கும் ஏற்றுமதியாளர் சங்கம் முன்நின்றபோது, சங்கம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சகோதர முதலில் சாதிக்கும் சொந்தபந்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு, வெளியாளுக்கு அங்கேயும் கதவு லேசில் திறக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த ஊரை உருவாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் யாரும் டிகிரி சர்டிபிகேட் கேட்டதில்லை.

நம் சங்கம் கேட்கிறது. விதி 4: 'இக்கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர்கள்.' எங்கள் வகுப்பின் 61 பேரில் ஒன்பது பேருக்கு இந்த விதிப்படி இடமில்லை. அதில் ஒருவன் என் பெஞ்ச்மேட். மூன்றாம் வருஷம் அவன் அப்பா தவறிப்போனார். பத்து பவர் டேபிள், ஐந்து லட்சம் கடன், ஒரு தங்கச்சி. நாலு அரியரோடு கல்லூரியை விட்டுவிட்டுக் கட்டிங் டேபிளில் போய் நின்றான். இன்று அவன் யூனிட்டில் நம் கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். போன வருஷம் நம் மாணவர்கள் இரண்டு பேருக்குக் கட்டணம் கட்டினான். பெயர் வெளியே வரக்கூடாது என்று சொல்லித்தான் கட்டினான். ரீயூனியனுக்குக் கூப்பிட்டேன். "நானெல்லாம் உங்க லிஸ்ட்ல இல்லியேடா, வந்து எங்க உக்கார்றது?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பெரியவரின் முறைப்படி, வேண்டுமானால் அவனே வந்து கேட்கட்டும் என்று இருக்கலாம். தத் ஒன்பது வருஷம் கேட்டார், கர்செட்ஜி பாரிஸ் வரை போனார். என் நண்பன் கேட்கமாட்டான். பட்டம் இல்லாததை ஏற்கனவே போதுமான அளவு கேட்டுவிட்டவன் அவன்.

பட்டம் பெறாதவர்களைச் சேர்த்தால் சங்கத்தின் மதிப்புக் குறையும் என்று மூத்தவர்கள் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். அவர்களை மதிக்கிறேன். கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆட்சேபித்தவர்களும் மரியாதைக்குரிய மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ரீயூனியன் அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் பொதுக்குழு. விதி 4-ல் 'பயின்று பட்டம் பெற்றவர்கள்' என்பதை 'ஓர் ஆண்டேனும் பயின்றவர்கள்' என்று திருத்தத் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். முன்மொழிபவன் நான். வழிமொழிய ஒருவர் கையெழுத்து வேண்டும்; படிவம் பதிவு மேஜையில், சந்தாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.