கானகத்தில் எழுந்த கைவீடு

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. நாம் உறையும் இல்லம் ஒன்று. பற்றற்றார் அடையும் பேறு மற்றொன்று. இரண்டும் ‘விடு’ என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. உழைத்துக் களைத்தவன் தன் சுமைகளை விட்டு இளைப்பாறும் இடம் ஆதலின் இல்லம் வீடாயிற்று என்பர். பிறந்த ஊரை விட்டு, வேற்று மொழி வழங்கும் நிலத்தில் வாழ்வைத் தேடிக்கொண்ட குடும்பங்களாகிய நமக்கு இச்சொல்லின் ஆழம் சற்று மிகுதியாகவே புலப்படும்.

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் நாம் வாழும் வீடுகள் செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் கொண்டு, கூலிக்கு வந்த கைகளால் எழுந்தவை. ஒருவன் காடு தந்த பொருளைக் கொண்டு, தன் கையாலேயே, தன் குடும்பத்துக்கு ஒரு சிறு வீட்டை எழுப்பிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலம் நெடுந்தொலைவில் இல்லை. அவ்விடமும் தொலைவில் இல்லை. ஹெப்பாளிலிருந்து மேற்காகவோ தெற்காகவோ சில மணி நேரம் பயணம் செய்தால் நாகரஹொளே, கபினி, பிளிகிரிரங்கன் மலை ஆகிய காடுகளை அடைந்துவிடலாம். அக்காடுகளில் வளர்ந்து இன்று தேய்ந்துவரும் அந்தக் கலையின் வரலாற்றை, நம் இலக்கியத்தின் துணைகொண்டு ஈண்டு நோக்குவோம்.

சங்கச் சான்றோர் கண்ட குடில்

குரம்பை, குடில், குச்சில், சிற்றில், பன்னசாலை, இதணம், பரண் எனக் காட்டுறைவிடங்களுக்குத் தமிழில் வழங்கிய சொற்கள் பல. பொருள் பலவாக இருந்தாலன்றிச் சொல் பலவாதல் இல்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குரம்பை ஒன்று வருகிறது. ஈந்தின் இலையால் வேய்ந்த அதன் கூரையை முள்ளம்பன்றியின் முதுகுக்கு ஒப்பிடுகிறார் புலவர். இலை நுனிகள் வெளிநோக்கிச் சிலிர்த்து நிற்கும் கூரையைக் கண்ணாற் கண்டவரே இவ்வுவமையைச் சொல்லியிருக்க இயலும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் ஏறியமரும் இதணம், மரத்தின்மேல் கட்டப்பட்டது. புலியும் அஞ்சும் உயரம் உடையது. முல்லைப்பாட்டிலோ அரசன் பாசறை அமைக்கும் வினைஞர் புதரை அழித்து, வேடர் காவலிடத்தை நீக்கி, முள்வேலி சூழ இடம் சமைக்கின்றனர்.

மூன்றும் காட்டுப் பொருளால் ஆன கட்டடங்களே. எனினும் மூன்றுக்கும் நோக்கம் வேறு. முதலாவது குடும்பம் வாழ எழுந்தது. இரண்டாவது பயிர் காக்க எழுந்தது. மூன்றாவது போருக்காக எழுந்தது. காட்டில் குடில் எழுப்புவோன் காட்டோடு எவ்வகை உறவு கொண்டவன் என்பதைக் குடிலே சொல்லிவிடும் என்பதை இவற்றால் அறிகிறோம்.

கம்பன் காட்டும் கட்டடக் கலை

காட்டில் வீடு கட்டும் முறையைப் படிப்படியாகத் தமிழில் எழுதிவைத்தவர் யார் என்று கேட்டால், கம்பர் என்றே விடை கூறலாம். அயோத்தியா காண்டத்துச் சித்திரகூடப் படலத்தில் இலக்குவன் சாலை சமைக்கும் பகுதியை ஒரு கொத்தனோ தச்சனோ படித்தால் வியந்துபோவான். நீண்ட மூங்கிலை அளவாக நறுக்கிக் கால்களாக நடுகிறான் இலக்குவன். மேலே நெடிய முகட்டை வைக்கிறான். முகட்டிலிருந்து இருபுறமும் கைகளை இறக்கிக் கட்டுகிறான். கைகளின் குறுக்கே வரிச்சுகளைப் பரப்புகிறான். அதன்மேல் தேக்கிலைகளை நெருக்கமாக அடுக்கி, அதற்கும் மேல் நாணற்புல்லை வேய்கிறான். பின்னரே சுவர். மூங்கில்களைச் சுற்றிலும் நிறுத்தி, மண்ணை எறிந்து அப்பி, நீர் விட்டு மெழுகுகிறான்.

இங்கே வரிசையை நோக்க வேண்டும். சுவர் எழுப்பிக் கூரை போடுவது நம் இன்றைய வழக்கம். கம்பரோ கூரையை முதலில் முடித்துச் சுவரைப் பின்னர் வைக்கிறார். மழைக்காட்டில் அதுவே முறை. கூரை நிழல் இல்லாமல் அப்பிய பச்சை மண் ஒரே மழையில் கரைந்துவிடும். மேலும் அச்சுவர் கூரையைத் தாங்குவதில்லை; நட்ட கால்களே தாங்குகின்றன. தேக்கிலைமேல் புல் வேய்வதும் காரணத்தோடுதான். அகன்ற இலை ஒழுக்கைத் தடுக்கும். புல் மழையின் வேகத்தை உடைத்து நீரை வழியவிடும். முகடு, கை, வரிச்சு என்னும் சொற்கள் நம் சிற்றூர்க் கூரைவேலைக்காரர் வாயில் நம் காலம் வரை வழங்கிவந்தவை. கம்பர் இவற்றை ஏட்டிலிருந்து எடுத்திரார். கூரை வேய்ந்த உழைப்பாளரின் கைகளை நின்று பார்த்தே எடுத்திருப்பார்.

சாலையைக் கண்ட இராமன் கண் கலங்குகிறான். சீதையின் மெல்லடிகள் காட்டில் நடந்தன. தம்பியின் கைகளோ குடிலைக் கட்டின. அரண்மனையில் பிறந்த நீ இதனை எப்போது கற்றாய் என்று தம்பியை வினவுகிறான். இவ்வினாவில் அன்பும் துயரும் மட்டும் இல்லை. குடில் கட்டுதல் கற்றுத் தேர வேண்டிய ஒரு கலை என்னும் ஒப்புதலும் அதில் உண்டு. இவ்வினாவைக் கையில் ஏந்தியே நாம் மேலே செல்வோம்.

மரமா, புல்லா?

வடபுலத்துக் குளிர்நாடுகளில் காட்டுவீடு வேறு வடிவம் கொண்டது. சுவீடன், பின்லாந்து, உருசியா முதலிய நாடுகளில் நேராக வளரும் ஊசியிலை மரங்களை வெட்டி, முழுத் தடிகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவர். முனைகளில் பள்ளம் வெட்டி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வச் செய்வர். இடுக்குகளைப் பாசியாலும் களிமண்ணாலும் அடைப்பர். தடித்த மரச்சுவர் அடுப்பின் வெப்பத்தை உள்ளே காக்கும். 1638-இல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடியரும் பின்லாந்தியரும் இம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். 1809-இல் ஆபிரகாம் லிங்கன் பிறந்தது கென்டக்கி மாநிலத்தின் இத்தகைய மரக்குடிலில்தான்.

நம் காடுகளில் இம்முறை வேரூன்றாததற்குக் காரணம் அறியாமை அன்று. தேக்கும் மருதும் கனத்த மரங்கள். நான்கு பேர் தோள் கொடுத்தும் ஒரு தடியை உயர்த்துதல் அரிது. படுத்த மரம் பருவமழையில் ஈரம் குடிக்கும், கறையான் ஏறும். இங்கே அடைக்க வேண்டியது வெப்பத்தை அன்று. விலக்க வேண்டியது மழையை. ஆகவே நம்மவர் மூங்கிலைத் தேர்ந்தனர். ஒருவன் தோளில் சுமக்கலாம், ஒரு கத்தியால் பிளக்கலாம், நாரால் கட்டலாம், ஆணி வேண்டா. வெட்டிய தூரிலிருந்து மீண்டும் முளை கிளம்பும்.

மூங்கில் மரமா, புல்லா என்பது ஈண்டு எழும் சுவையான வினா. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்து மரபியல் பிரிக்கிறது. அதன்படி மூங்கில் புல்லே; இக்காலத் தாவரவியலும் அதனைப் புற்குடும்பத்திலேயே வைக்கிறது. ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் மூங்கிலை மரம் என்று வரையறுத்தது. புலவர்க்கும் அரசர்க்கும் இடையே எழுந்த சொல்வழக்காக மட்டும் இது நிற்கவில்லை. புல் அறுப்பவனுக்கும் மரம் வெட்டுபவனுக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு பெரிது.

மைசூர்க் காட்டின் கைகள்

ஹெக்கடதேவனகோட்டை, ஹுன்சூர் வட்டங்களின் காடுகளில் வாழ்ந்துவந்தவர் ஜேனு குருபர், பெட்ட குருபர் முதலியோர். தேன் எடுப்பதில் வல்ல ஜேனு குருபரைத் தேன் குறும்பர் என்று தமிழில் கூறலாம். அவர்தம் குடியிருப்புக்கு ‘ஹாடி’ என்று பெயர். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது நாம் நாளும் கேட்பதே. பால் ஹாலு ஆகும், பள்ளி ஹள்ளி ஆகும். அவ்வழியே ஹாடி என்பது நம் ‘பாடி’யை நினைவூட்டுகிறது.

ஹாடியின் பழைய வீடு கம்பர் சொன்ன வீட்டுக்கு நெருங்கிய உறவு. காட்டுக்கம்புகளைக் கால்களாக நட்டு, பிளந்த மூங்கிலைப் பாயாக முடைந்து சுவராக்கி, மண் பூசி, புல் வேய்வர். மாவுச்சத்து மிகுந்த மூங்கிலை வண்டு துளைக்கும் ஆதலின், அச்சத்துக் குறைந்த பருவம் பார்த்து வெட்டுவதும், ஓடும் நீரில் ஊறவைப்பதும் மூங்கிலை ஆளும் மக்கள் பலரும் அறிந்தவை. உள்ளே எரியும் அடுப்பின் புகை கூரைப் புல்லில் படிந்து பூச்சியை விலக்கும். புகைபோக்கி இல்லாத குடில் என்று நாம் குறையாகக் கருதுவது அவர்க்குக் காப்பாகும்.

கூடலூர் வழியே நீலகிரிக்கு ஏறினால் தோடர் வீட்டைக் காணலாம். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போல மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிய அவ்வீட்டின் கூரையே தரை வரை இறங்கிச் சுவராகவும் நிற்கும். முன்புறம் மரப்பலகையால் அடைத்து, ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் ஒரு வாயில் விடுவர். தவழ்ந்தே நுழைய வேண்டும். குளிரையும் காற்றையும் விலங்கையும் ஒருங்கே தடுக்கும் அமைப்பு அது. இன்று தோடர் பெரும்பாலும் சிமெண்ட் வீடுகளில் வாழ்கின்றனர். கோயில்களை மட்டும் குலத்தார் கூடிப் பழைய முறையில் புதுப்பிக்கின்றனர். அதற்குரிய சதுப்புநிலப் புல் அருகிவருவது அவர்களுக்குப் பெருங்கவலை.

இவர்களை நோக்கி இராமனின் வினாவை எழுப்பினால் விடை என்னவாக இருக்கும்? தந்தை முகடு கட்டும்போது கீழிருந்து மூங்கிலை நீட்டிய சிறுவன், தாய் சுவர் மெழுகும்போது மண் குழைத்த சிறுமி, இவர்களே அடுத்த தலைமுறையின் கட்டடக்காரர். வீட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாடம் நடந்தது. கூரை சில ஆண்டுகளே நிலைக்கும் என்பது குறையன்று. அதனாலேயே கலை நிலைத்தது.

தன் வீடும் பிறர் அறையும்

தன் கையால் வீடு கட்டுவதன் பெருமையை உலகுக்கு உரைத்தவர் அமெரிக்க அறிஞர் தோரோ. 1845-இல் வால்டன் குளக்கரையில் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட சிறு வீட்டை அவர் கட்டினார். செலவு 28 டாலர் 12½ செண்டு என்று கணக்கும் எழுதிவைத்தார். இரண்டாண்டுக்குச் சற்று மேலாக அங்கே தனியே வாழ்ந்தார்.

இதே நூற்றாண்டில் நம்மவர் கதை எவ்வாறு இருந்தது? 1820-களிலிருந்து இலங்கையின் மலைக்காடுகளை அழித்துக் காப்பித் தோட்டம் இட்டபோது, அக்காட்டை வெட்டத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நம் மக்கள் நடந்தே சென்றனர். பின்னர் அவர்களுக்குக் கிடைத்தது ‘லயன்’ எனும் வரிசை வீட்டில் ஓர் அறை. அதன் அளவு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. தோரோ ஒருவர் விரும்பி வாழ்ந்த இடத்தினும் சிறிய இடத்தில் ஒரு முழுக்குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. அளவைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. காட்டையே வெட்டிய கைகளுக்கு அக்காட்டில் தமக்கென ஒரு குடில் கட்டும் உரிமை இல்லை. வேலை போனால் அறையும் போகும். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தாயகம் திரும்பியோரில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியா வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலும் அமர்த்தப்பட்டனர். பெயர்ந்த தமிழரின் வரலாறு தன் வீட்டுக்கும் பிறர் தந்த அறைக்கும் இடையே நடந்த நெடும்பயணம் என்று கூறினும் பொருந்தும்.

மூடிய காடு

காட்டு மக்களோ இடம்பெயராமலே வீட்டை இழந்தனர். 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டமும் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டமும் காட்டை அரசின் உடைமையாக வரையறுத்தன. 1974-இல் நிறைவுற்ற கபினி அணையின் நீர் பழைய காக்கனகோட்டைக் காட்டின் ஒரு பகுதியை விழுங்கியது. நாகரஹொளே 1955-இல் சரணாலயமாகவும் 1988-இல் தேசியப் பூங்காவாகவும் 1999-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. ஹாடி மக்களில் பலர் ஹுன்சூர் வட்டத்து நாகபுரம் போன்ற குடியிருப்புகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். விலங்கைக் காக்க வேண்டாவா என்று கேட்பின், காக்கவே வேண்டும். பள்ளியும் மருத்துவமும் அம்மக்களுக்கு வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் குடில் கட்டத் தெரிந்தவர் வெளியேற்றப்பட்ட அதே பூங்காவுக்குள் சுற்றுலா விடுதி நடத்த முயற்சி எழுந்ததையும், பழங்குடியினர் எதிர்த்துப் போராட 1997-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்ததையும் நாம் மறத்தல் ஆகாது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டு மக்களின் வாழ்விட உரிமையை ஏற்றது; மூங்கிலைச் சிறுவன விளைபொருளாகவும் அறிவித்தது. 2017-இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்னும் வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. தொல்காப்பியர் புல் என்றதைச் சட்டம் ஓரளவேனும் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று! இதற்கிடையே மூங்கில் தொடாது வளர்ந்த பிள்ளைகள் தந்தையராகிவிட்டனர். காட்டுக்குள் செல்லும் உரிமை ஒரு தலைமுறைக்கு மறுக்கப்படுமாயின், சில ஆயிரம் ஆண்டு கற்ற கலை அத்தலைமுறையோடு முடிந்துவிடும். அருங்காட்சியகத்தில் குடிலின் உருவத்தைக் காக்கலாம். அதைக் கட்டும் கையைக் காக்க இயலாது.

நாம் செய்யத்தக்கது சிறிதேனும் உண்டு. நாகரஹொளேக்கு யானை காண அழைத்துச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, அக்காட்டில் வீடு கட்டி வாழ்ந்த மக்களும் உண்டு என்பதைச் சொல்லுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கூரை வேய்ந்து பழகிய முதியோர் எவரேனும் இருப்பின் அருகே அமர்ந்து, முகடும் கையும் வரிச்சும் யாவை என்று பிள்ளைகளையே கேட்கச் செய்வோம். கேட்ட சொற்களை எழுதிவைப்போம். இயலுமாயின் அவர் சொல்லச் சொல்ல ஒரு சிறு பந்தலையேனும் பிள்ளைகள் கையால் கட்டச் செய்வோம். எப்போது கற்றாய் என்று நாளை ஒருவர் வினவினால், இன்னாரிடம் இன்ன நாளில் கற்றேன் என்று அவர்கள் விடை கூறட்டும்.