துரை வண்டியின் கதை

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். செம்மண் சடக்கில் லேண்ட் ரோவர் உறுமினால், துரை வருகிறார் என்று பொருள்.

ஆனால் அந்த வண்டி துரைமாருக்காகப் பிறந்ததன்று, உழவருக்காகப் பிறந்தது. ரோவர் நிறுவனப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டிலிருந்த தம் பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் போலவே பண்ணை வேலைக்கு ஏற்ற வண்டியொன்றைச் செய்ய எண்ணினார். போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே வண்டியின் மேற்கூட்டை அலுமினியக் கலவையால் அமைத்தனர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று.

அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் போலீசாரும் படையினரும் தோட்ட நிர்வாகிகளும் இவ்வண்டியில் சென்றனர். நிர்வாகிகள் சிலர் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டனர். தகட்டுக்குள்ளே துரை இருந்தார். விடியற்காலையில் பால் வாளியுடன் மரத்துக்கு நடந்த நம்மவருக்குத் தகடு ஏது?

காலம் மாறிற்று. கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர்கள் காய்கறி விவசாயிகளின் கைக்கு வந்து, விளைச்சலைச் சுமந்தன. 2008இல் அந்த நிறுவனத்தையே இந்தியாவின் டாட்டா வாங்கிற்று.

நேயர்களே, வண்டியின் வரலாற்றை நூல்கள் எழுதிவிட்டன. அதற்கு வழிவிட்டு ஓரமாய் நின்றவர்களின் வரலாறு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.