கல்லும் மண்ணும்: திருத்தணிச் சூழலின் பாறை வரலாறு

புறப்பொருள் வெண்பாமாலையின் கரந்தைப் படலத்தில் குடிநிலை என்னும் துறைக்கு ஐயனாரிதனார் பாடிய வெண்பா, தமிழ் மேடைகளில் மிகுதியும் எடுத்தாளப்பெறுவது. கல்லுக்குப் பின்னும் மண்ணுக்கு முன்னுமாகிய ஒரு காலத்தை அப்பாட்டு ஒரு மறக்குடியின் தொன்மைக்கு எல்லையாக வைக்கின்றது. இதனைக் கால ஆராய்ச்சிக்குரிய சான்றாகவே கொள்வாரும் உளர். வெறும் புனைந்துரை எனத் தள்ளுவாரும் உளர். இரு சாராரும் ஒரு வினாவை எழுப்பாது செல்கின்றனர். கல்லும் மண்ணும் தோன்றும் முறைதான் யாது? திருத்தணிச் சூழலின் பாறைகளைக் கொண்டு இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடம்

திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த ஊர் கே.ஜி.கண்டிகை. இப்பகுதி 1960 ஏப்பிரல் முதல் நாள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தினின்றும் பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கென நிகழ்ந்த எல்லைப் போராட்டமும் ம.பொ.சிவஞானத்தின் தொண்டும் யாவரும் அறிந்தன. எனினும் பாறைகள் இவ்வெல்லையை அறியா. ஆந்திரப் பக்கத்து நகரி மலைகளில் தொடங்கும் கல்லின் வரலாறு, கொற்றலையாற்றின் வழியே தமிழ்நாட்டுப் பூண்டிச் சூழலில் வந்து முடிகின்றது. ஆதலின் இரு பக்கத்தையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

2. பாறையின் மூவகை

பாறைகளைப் பிறப்பு நோக்கி மூவகைப்படுத்துவர் நிலநூலார். உருகிய குழம்பு ஆறி இறுகுவதால் ஆவது தீப்பாறை. காற்றும் நீரும் கொணர்ந்த மணலும் சேறும் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகுவதால் ஆவது படிவுப்பாறை. இவ்விரண்டும் நிலத்தின் ஆழத்தே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறு வடிவம் பெறுமாயின் அஃது உருமாறிய பாறை. இம்மூன்றும் தனித்தனிக் குலங்கள் அல்ல. ஒன்று மற்றொன்றாக மாறுவது இயல்பு. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோவில் வாழ்ந்த சேம்சு அட்டன் ஆவர்.

3. ஒரு கூழாங்கல்லின் வரலாறு

திருத்தணிச் சமவெளிக்கு அடித்தளமாக அமைந்தவை நைசு என்னும் வரிப்பாறையும் கிரானைட்டும் ஆகும். தென்னிந்தியாவின் இத்தகைய பழம்பாறைகள் 250 கோடி ஆண்டு அளவினை எட்டுவன. மழையும் வெயிலும் இப்பாறையை மெல்லச் சிதைத்தன. அதன்கண் உள்ள பெல்சுபார் களிமண்ணாயிற்று. எளிதிற் சிதையாத குவார்ட்சு மட்டும் மணலாய் எஞ்சிற்று. இம்மணல் பண்டைய கடப்பைப் படுகையிற் சென்று படிந்தது. மணியோடு மணியைச் சிலிக்கா பிணிக்க, மேலே குவிந்த அடுக்குகளின் சுமை அழுத்த, மணல் குவார்ட்சைட்டு என்னும் வன்கல் ஆயிற்று. நகரி மலைகளிற் செங்குத்தாய் நிற்பது இக்கல்லே. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது இது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. இம்மலைகளும் தேய்ந்தன. அவற்றினின்று பெயர்ந்த துண்டுகள் வெள்ளத்தில் உருண்டு கூழாங்கற்களாயின. ஏறத்தாழ 10 முதல் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை கீழ்ப்புறத்தே திரண்டு, மணலோடு பிணைந்து மீண்டும் பாறையாயின. அல்லிக்குழி மலைகள் இவ்வாறு கூழாங்கல் திரண்டு அமைந்தவை. குடியம் குகைக்குட் சென்று சுவரை நோக்குவார், கூழாங்கற்கள் வரிசையாய்ப் பதிந்திருத்தலைக் கண்ணாரக் காணலாம். பின்னர் அம்மலையும் சிதைய, அதன் கற்கள் விடுபட்டுச் சரளைப் படுகைகளாய்ப் பரந்தன.

ஆகவே ஒரு கூழாங்கல்லின் வாழ்வில், பாறை மணலாயிற்று, மணல் பாறையாயிற்று, பாறை கூழாங்கல்லாயிற்று, கூழாங்கல் மீண்டும் பாறைக்குட் புகுந்து மீண்டும் வெளிப்பட்டது. இனி அதனை எடுத்தது மனிதன் கை.

4. கை எடுத்த கல்

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுச் சூழலில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். இக்கருவிகள் பெரிதும் குவார்ட்சைட்டினால் ஆனவை. அதற்குக் காரணம் கல்லின் பிறப்பிலேயே உளது. எளிய மணற்கல் உடையும்போது பிளவு மணிகளைச் சுற்றிச் செல்லும். ஆதலின் விளிம்பு பொடியும். குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றாய் இறுகியமையின் பிளவு அவற்றை ஊடறுத்துச் செல்லும், விளிம்பு கூரியதாகும். மணல் கல்லான அவ்வினையே கல்லைக் கருவியாக்கிற்று எனலாம்.

1999 முதல் சாந்தி பப்பு முதலியோர் அத்திரம்பாக்கத்தில் நிகழ்த்திய அகழாய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. அங்குள்ள பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என அது காட்டிற்று. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இடைப் பழங்கற்கால முறை அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியதைப் புலப்படுத்திற்று.

5. சொல்லும் கல்லும்

கல்லின் இவ்வேறுபாடுகளைத் தமிழர் கூர்ந்து நோக்கியமைக்குச் சொற்களே சான்று. பாலைநிலத்துப் பருக்கைக் கல்லைப் பரல் என்றும், சரளை மேட்டை முரம்பு என்றும், உருண்டு கிடக்கும் பெரும்பாறையைத் துறுகல் என்றும் சங்கச் செய்யுள் வழங்கும். வேங்கைப்பூ உதிர்ந்த துறுகல் புலிக்குட்டி போலத் தோன்றும் என்பது குறுந்தொகை 47ஆம் பாட்டின் காட்சி. பாறையின் மூலைகள் முதலிற் சிதைவதால் அது உருண்டை வடிவம் பெறுகின்றது என்பர் நிலநூலார். புலவர் கண்டது வடிவம். நிலநூல் காட்டுவது அவ்வடிவத்தின் காரணம்.

ஆயினும் எல்லாச் சொல்லும் பிறப்பை உணர்த்தா. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலை அபராசித பல்லவனின் 18ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பான் கற்றளியாக எடுப்பித்தான். அதனைப் போற்றும் கல்வெட்டு வெண்பா, அரசனே பாடியது எனக் குறிக்கப்பெறுகின்றது. அது கோயிற்கல்லைக் ‘கருங்கல்’ என்னும். இச்சொல் கல்லின் நிறத்தையும் வன்மையையும் சுட்டுமேயன்றி, நைசு, கிரானைட்டு, சார்னோக்கைட்டு என்னும் பகுப்பைச் சுட்டாது. இவற்றுள் சார்னோக்கைட்டு, கல்கத்தாவில் உள்ள சோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லினால் பெயர் பெற்றது. அக்கல் பல்லாவரத்துப் பாறைவகை என்பதை ஆலந்து என்னும் அறிஞர் கண்டு அப்பெயரை இட்டார். கல்வெட்டுப் பதிப்பிப்போர் எழுத்தின் வடிவத்தோடு, அது பொறித்த கல்லின் வகையையும் குறிப்பாராயின், கல் எங்கிருந்து வந்தது என்னும் ஆராய்ச்சிக்கு வழி பிறக்கும்.

6. முடிபு

இனித் தொடக்கத்து வினாவிற்கு வருவோம். பாறை சிதைந்தே மண் ஆகின்றது. ஆதலின் கல் முந்தியது, மண் பிந்தியது என்னும் முறை இயற்கையோடு பொருந்துவதே. வெண்பாவின் உலகியல் அறிவை இகழ்தல் தகாது. ஆனால் நகரி மலையும் அல்லிக்குழி மலையும் மண்ணினின்றும் கல் தோன்றுதலைக் காட்டுகின்றன. கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே ஒருமுறை மட்டும் நிகழ்ந்த எல்லை என்று ஒன்று இல்லை. ஆகவே அவ்வெல்லையை வைத்து ஒரு குடியின் ஆண்டைக் கணக்கிடல் இயலாது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளைச் செய்தோர் எம்மொழி பேசினர் என்பதையும் கல் சொல்லாது. அவருள் மிகப் பழையோர் இன்றைய மனித இனம் தோன்றுதற்கும் நெடுங்காலம் முற்பட்டவர். அவர்தம் தொன்மையை நம்மொழியின் தொன்மையாகக் கொள்வது ஆராய்ச்சி ஆகாது. வெண்பா கூறுவது ஒரு குடியின் பெருமை; அதனைப் பெருமையாகவே போற்றுதல் நூலாசிரியருக்கும் நாம் செய்யும் நன்றி.

நமக்குரிய கடமை வேறு. சாலைக்கென ஒரு சுமை சரளை அள்ளப்படும்போது, எந்த அடுக்கில் எந்தக் கருவி கிடந்தது என்னும் செய்தி அழிந்துபோகின்றது. ஓலை சிதைந்தாற் படியெடுத்த பிறிதோர் ஓலையேனும் கிடைக்கலாம். சிதைந்த அடுக்கிற்கு மறுபடி இல்லை. ஏடு தேடி ஊர் ஊராய்ச் சென்ற தமிழறிஞர் மரபில் வந்த நாம், நம் ஊர்ப் பாறைகளையும் ஒருவகை ஏடாகக் கருதிப் பேணுதல் வேண்டும்.