திருநீற்றுக் கூலியும் சம்பளப் பிடித்தமும்

போன மாதம் தங்கை மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். சென்னையில் புது கம்பெனி, அங்கே வாங்கின ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டு. கூடவே ஒரு கேள்வி: "மாமா, பி.எஃப் தெரியும், டிடிஎஸ் தெரியும். இந்த பி.டி 1,250 எதுக்கு? ஜூலைல இது இல்லையே?"

பி.டி என்றால் தொழில் வரி என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அவன் அடுத்துக் கேட்டதுக்கு ஒரு வரி போதவில்லை. "நான் கட்டவே இல்லையே மாமா, அவங்களே எடுத்துக்கிட்டாங்க. இது எப்ப ஆரம்பிச்சது?"

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஆனைக்கா கோயில் வெளி மதிலை ஒட்டி நடந்தபோது அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மதிலுக்குத் திருநீற்று மதில் என்று பேர். ஐந்தாம் பிராகாரச் சுவரை எழுப்பியபோது சிவனே சித்தர் வடிவில் வந்து ஆட்களோடு சேர்ந்து வேலை பார்த்தாராம். சாயங்காலம் கூலியாக ஆளுக்கு ஒரு பிடி திருநீறு. அது அவரவர் உழைத்த அளவுக்குப் பொன்னாக மாறிற்றாம். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: அந்தக் கூலியில் பிடித்தமே கிடையாது. கதைக்கு வெளியே அப்படி ஒரு கூலி இந்த ஊரில் எப்போதாவது இருந்திருக்குமா என்று தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

தறியை எண்ணினார்கள்

பல்லவர் காலச் செப்பேடுகளில் நிலம் தானம் கொடுக்கும்போது கூடவே ஒரு பட்டியல் வரும். இன்னின்ன வரிகள் இந்த ஊருக்கு இனி இல்லை என்பதற்கான பட்டியல் அது, 'பரிகாரம்' என்பார்கள். செக்கு, தறி, குயவரிடம் வாங்கிய குசக்காணம், வண்ணாரிடம் வாங்கிய வண்ணாரப்பாறை, தட்டாரிடம் வாங்கிய தட்டுக்காயம், தரகு என்று அது நீளும். விலக்குக் கொடுத்த இடத்தை வைத்துத்தான் மற்ற இடங்களில் என்ன வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்கிறோம். சோழர் கல்வெட்டுகளிலும் தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் எல்லாம் உண்டு.

கவனித்தால், யாருடைய வருமானத்தையும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. நெசவாளி மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. ஆனால் வீட்டில் தறி எத்தனை என்பது தெருவில் போகிறவனுக்கும் தெரியும். வரி எப்போதும் எண்ண முடிந்ததைத் தேடித்தான் போகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை கம்பெனி ஆட்சியிலும் தொடர்ந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு 'மொதுர்ஃபா' என்று பேர். கைவினைஞர் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நெசவாளி, தச்சர், உலோக வேலை செய்பவர், கடைக்காரர், தெருவில் கூடை வைத்து விற்பவர் என்று எவரையும் விடவில்லை. சிலருக்குக் கருவி மேல் வரி, சிலருக்கு விற்பதற்கே வரி. கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் 1852-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் இந்த வரியும் முக்கியமான புகார்.

சென்னை கவர்னர் வேலை இழந்த கதை

1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன், 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்தவர். இந்தியாவின் முதல் வருமான வரி 1860 ஜூலை 24-ல் வந்தது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே விலக்கு, 200 முதல் 500 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். இப்போதும் ஜூலை 24-ஐத்தான் வருமான வரி தினம் என்று கொண்டாடுகிறார்கள்.

இதைக் கடுமையாக எதிர்த்தவர் நம் மாகாணத்து கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன். நேர்வரி இந்த நாட்டுக்கு ஆகாது, வரியைக் கூட்டுவதற்குப் பதிலாகப் படைச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் கட்சி. எதிர்ப்பைக் கோப்புக்குள் வைத்திருந்தால் தப்பியிருப்பார். பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். 1860-லேயே பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். வரி மட்டும் பிழைத்தது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ட்ரெவெலியன் சில ஆண்டுகளில் நிதி உறுப்பினராகவே இந்தியாவுக்குத் திரும்பினார், அதாவது வில்சன் உட்கார்ந்த நாற்காலிக்கு. 1865-ல் அந்த வரியின் காலம் முடிந்தபோது அதை நீட்டிக்காமல் விட்டுவிட்டார். பிறகு 1869-ல் மறுபடி வந்தது, 1873-ல் போனது. 1886 சட்டத்தோடுதான் நிலையாக உட்கார்ந்தது.

மருமகன் கேட்ட கேள்விக்கு விடை அந்த 1886 சட்டத்தில் இருக்கிறது. அரசு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும்போதே வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. 1922 சட்டத்தின் 18-ஆம் பிரிவு இதை எல்லா முதலாளிகளுக்கும் விரித்தது: சம்பளம் யார் கொடுக்கிறாரோ, அவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்க வேண்டும். 1961 சட்டத்தில் அதுவே 192-ஆம் பிரிவு.

தறியை எண்ணின இடத்தில் இப்போது சம்பளப் பதிவேடு. எண்ணுவதற்கு அதைவிட வசதியான பொருள் உலகத்தில் இல்லை. வரி வாங்க ஆள் அனுப்ப வேண்டியதில்லை, முதலாளியின் கணக்குப்பிள்ளையே தண்டலாளராகிவிட்டார், அதுவும் சம்பளமில்லாமல்.

இங்கிலாந்தில் சம்பளக்காரர் எல்லாருக்கும் இந்த மாதிரி வாராவாரம், மாதாமாதம் பிடிக்கும் முறை 1944-ல்தான் வந்தது. அதை வடிவமைத்ததில் பெரும் பங்கு பால் சேம்பர்ஸ் என்ற அதிகாரிக்கு. அவர் 1937 முதல் 1940 வரை இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராக இருந்தவர் என்று படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்காவில் 1943-ல் வந்தது, போர்ச் செலவுக்காக. அதற்கு உழைத்தவர்களில் ஒருவர் அப்போது கருவூலத்தில் இளைஞராக இருந்த மில்டன் ஃப்ரீட்மன். அரசாங்கம் சிறுக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பேசியவர், அதற்காகப் பின்னால் வருத்தப்பட்டார். கண்ணில் படாமல் போகிற பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதுதான் அவர் கவலை.

1,250 எங்கே போகிறது?

டிடிஎஸ் டெல்லிக்குப் போகிறது. தொழில் வரி அப்படி இல்லை. நம் அரசியல் சட்டத்தில் வருமான வரி மத்தியப் பட்டியலில், தொழில் வரி மாநிலப் பட்டியலில். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மாநில அரசே அதை மாதாமாதம் வாங்குகிறது. பெங்களூரில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மாதம் 200 ரூபாய் நினைவிருக்கும். தமிழ்நாட்டிலோ பழைய நகராட்சி வழக்கப்படி உள்ளாட்சிகள், அதுவும் அரையாண்டுக்கு ஒருமுறை. அதனால்தான் ஜூலையில் இல்லாதது ஆகஸ்டில் முளைத்தது.

இந்த வழக்கம் இங்கே ரொம்பப் பழசு. ஸ்ரீரங்கம் நகராட்சி 1871-ல் ஏற்பட்டது. 1884, 1920 சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டங்கள் இரண்டிலும் தொழில் வரி உண்டு. 1994-ல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சி ஆனபோது அந்த வரியும் கூடவே மாநகராட்சிக்குப் போனது.

தொழில் வரியும் ஒருவகையில் வருமானத்தின் மேல்தானே, அதை மாநிலம் எப்படிப் போடலாம் என்று சண்டை வராமலிருக்க அரசியல் சட்டம் 276-ஆம் பிரிவில் ஒரு சமரசம் வைத்தது. போடலாம், ஆனால் ஆளுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் கூடாது. 1988-ல் 60-ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அரையாண்டுக்கு 1,250 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. அதற்குப் பிறகு அந்த உச்சவரம்பு ஒரு ரூபாய்கூட நகரவில்லை. 1988-ல் 2,500 ரூபாய் மாதச் சம்பளம் என்றால் பெண் கொடுக்க முன்வருவார்கள். இன்றைக்கு மாதம் 15,000 வாங்குகிறவரும் 3 லட்சம் வாங்குகிறவரும் கட்டுவது கிட்டத்தட்ட ஒரே தொகைதான்.

நடுவில் இருப்பவர் எடுத்துக்கொண்டால்?

தறிவரியில் ஒரு நல்லது உண்டு. தண்டலாளர் எதிரே நிற்பார், சண்டையாவது போடலாம். பிடித்தத்தில் நடுவில் முதலாளி நிற்கிறார். அவர் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால்?

எனக்கு நடந்திருக்கிறது. 2009-ல் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். மாதாமாதம் டிடிஎஸ் பிடித்தார்கள். அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. ஃபாரம் 16 இன்று நாளை என்று இழுத்து, கடைசியில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். கொஞ்ச நாளில் எனக்கு நோட்டீஸ் வந்தது, வட்டியோடு. கையில் இருந்தது சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்டும்தான். ஆடிட்டர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதுங்களைத் தூக்கிப் போடாம வச்சிருந்தீங்களே, அதுவே பெருசு" என்றார்.

அப்போது தெரிந்துகொண்டதுதான் 205-ஆம் பிரிவு. வரி ஏற்கெனவே சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருந்தால், அதே வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது. வசூலிக்க வேண்டியது பிடித்தவரிடம். நேரடி வரிகள் வாரியமும் 2015-ல் இதைத் தன் அதிகாரிகளுக்கு நினைவுபடுத்தியது. ஆனால் பிடித்தார்கள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நம் தலையில்.

கூலியில் கை வைப்பதற்கு ஒரு எல்லை வந்ததே 1936-ல்தான். அதற்கு முன் தாமதத்துக்கு, சேதத்துக்கு, வாய்க்கு வந்த காரணத்துக்கெல்லாம் அபராதம் பிடிப்பது ஆலைகளில் சகஜம். விட்லி தலைமையிலான ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து கூலி வழங்கல் சட்டம் வந்தது. எதெதைப் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது என்றது. ஆலைகளுக்கும் ரயில்வேக்கும் அது பொருந்தியது, அதாவது பொன்மலைப் பட்டறைக்கும். 1973-ல் தண்டனைச் சட்டத்தில் இன்னொரு விளக்கம் சேர்ந்தது: சம்பளத்தில் பி.எஃப் பிடித்துக் கட்டாத முதலாளி, நம்பிக்கை மோசடி செய்தவராகவே கருதப்படுவார். புதிய நியாய சங்கிதையிலும் அது இருக்கிறது. நல்ல சொல் அது, நம்பிக்கை மோசடி. பிடித்தம் என்பதே நம்பிக்கையின் மேல் நிற்கிற ஏற்பாடுதான்.

இதையெல்லாம் சுருக்கி மருமகனுக்கு அனுப்பினேன். கடைசியில் இரண்டு வேலை சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரி தளத்தில் 26ஏஎஸ் பார், டிடிஎஸ் ஏறியிருக்கிறதா என்று. மாதாமாதம் பி.எஃப் பாஸ்புக் பார். சித்தர் கொடுத்த கூலியில் பிடித்தம் இல்லைதான். ஆனால் மதிலுக்கு வெளியே தெருவிளக்கு எரிய யாராவது கட்டியாக வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. எடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மட்டும் நம் வேலை.

ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது.

"மாமா, பாஸ்புக் பார்த்தேன். பழைய கம்பெனில கடைசி ரெண்டு மாசம் பிடிச்சிருக்காங்க. ஏறலை."

சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு."

நல்லது, இனி அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.