சாவிக்கொத்திலிருந்து பின் நம்பர் வரைக்கும்



மலருக்கு ஒரு வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. நாம கடன் வாங்கினது, கட்டினது, தொழில் தொடங்கினது எல்லாம் மத்தவங்க எழுதியிருப்பாங்க. நான் ஒரே ஒரு விஷயத்தை எழுதுறேன். நம்ம பணத்தை நாம எப்படிக் காவல் காத்தோம், இப்ப எப்படிக் காக்கிறோம் என்பதுதான் அது.

தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. ஐஃபாட் என்கிற உலக நிதி அமைப்பின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. 1992ல் நபார்டு வங்கி, குழுக்களை பேங்கோடு இணைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்ற பெண்கள் பேங்க் படி ஏறி, உட்கார நாற்காலி கேட்க முடிந்தது.

எங்க அத்தை, அதாவது என் மாமியார், பழைய உறுப்பினர். அவங்க குழுவில் பணப்பெட்டி ஒரு வீட்டில் இருக்கும், சாவி இன்னொரு வீட்டில் இருக்கும். பேங்கில் பணம் எடுக்கணும்னா தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். செக்கில் ரெண்டு பேர் கையெழுத்து வேணும். கூட்டம் முடியுறப்ப வரவு செலவை சத்தமா வாசிக்கணும். "வீட்ல உலை வைக்கணும், சீக்கிரம் முடிங்க"ன்னு யார் சொன்னாலும் வாசிக்காம விடமாட்டாங்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் காதால கேட்டு, "ஐம்பது ரூவா குறையுதே"ன்னு பிடிச்சிருக்காங்க. யார் மேலயும் சந்தேகப்பட்டு வச்ச வழக்கம் இல்லை இது. தனி ஆள் கையில் பணம் இருந்தா தப்பு நடக்கும் என்று தெரிந்து வச்சது.

அதே 1989ல் உலகத்தில் வேற ஒரு வேலையும் நடந்தது. வட்டார அலுவலகத்தில் நடந்த பயிற்சியில் இதைச் சொன்னாங்க. ஒருத்தர் சுமார் 20,000 பிளாப்பி தட்டுகளை பல நாட்டுக்குத் தபாலில் அனுப்பினார். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று அதில் எழுதியிருந்தது. நம்பிப் போட்டவங்க கம்ப்யூட்டர் கொஞ்ச நாளில் முடங்கியது. சரியாகணும்னா பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பு என்று எழுத்து வந்தது. கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற திருட்டில் முதலாவது இது என்கிறார்கள். அப்ப நம்ம ஊரில் கம்ப்யூட்டரே கிடையாது. நமக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

சம்பந்தம் பின்னால் வந்தது. 2014 ஆகஸ்ட் 28ல் ஜன்தன் திட்டம் வந்து வீட்டுக்கு வீடு கணக்கு ஆனது. 2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. அந்த வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா பூக்காரம்மா கூடையிலும் கியூஆர் கோடு அட்டை தொங்கியது.

அதே 2016 பிப்ரவரியில் வங்கதேச நாட்டு மத்திய வங்கியிலேயே கம்ப்யூட்டர் வழியா திருடினாங்க. வெள்ளிக்கிழமை அங்கே லீவு, அதனால் வியாழக்கிழமை ராத்திரியாப் பார்த்து, அந்த வங்கி அனுப்புகிற மாதிரியே நியூயார்க்குக்குப் பொய் உத்தரவு அனுப்பினாங்க. 8 கோடி டாலருக்கு மேல் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போயிடுச்சு. இலங்கைக்குப் போக இருந்த 2 கோடி டாலர் நின்றது. எப்படின்னா, பணம் வாங்குகிற அறக்கட்டளையின் பேரில் ஒரு எழுத்துப் பிழை. நடுவில் இருந்த பேங்கில் அதைக் கவனிச்சு, இது என்னன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், அந்தப் பணம் தப்பிச்சது. எங்க அத்தை வரவு செலவை வாசிக்கச் சொன்னதும் இதற்குத்தானே?

இப்ப எங்க குழு கதைக்கு வரேன். நாங்க முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிறோம். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், பணம் என் போனுக்கு வரும். ஒரு தீபாவளிக்கு முந்தி ஒருத்தர் போன் பண்ணி, ஆபீசுக்கு 50 கிலோ முறுக்கு வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன்னு ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். முதலில் 1 ரூபாய் வந்தது. நம்பிட்டேன். "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கம்மா, அட்வான்ஸ் ஏறிடும்"னார். போட்டேன். 8,500 ரூபாய் என் கணக்கிலிருந்து போயிடுச்சு. "தப்பாயிடுச்சு, இன்னொரு தடவை போட்டா ரெண்டும் சேர்ந்து திரும்பும்"னு அவசரப்படுத்தினார். திரும்பவும் போட்டேன். மொத்தம் 17,000. எண்ணெய்க்கும் மாவுக்கும் வச்சிருந்த குழுப் பணம்.

நாலு நாள் யார்கிட்டயும் சொல்லலை. வீட்டிலும் சொல்லலை. சோறு இறங்கலை. எண்ணெய்க் கடைக்காரர் பாக்கி கேட்டு வந்தப்பதான் கூட்டத்தில் அழுதுகிட்டே சொன்னேன். எங்க ஊக்குநர் அக்கா கேட்டது ஒண்ணுதான்: "பணம் போனது போகட்டும், நாலு நாள் ஏம்மா மறைச்ச?"

அன்னைக்கே 1930க்கு போன் பண்ணினோம். 2021ல் வேற நம்பரில் தொடங்கி, பிறகு 1930 ஆன உதவி எண் இது. உடனே சொன்னா, பணம் போன பேங்குக்குத் தகவல் போய், திருடன் எடுக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்க சொல்லும்போது பணம் கை மாறி எடுத்தாச்சு. திரும்பி வரலை. பாதியைக் குழு லாபத்தில் கழிச்சாங்க. மீதி 8,500ஐ மாசம் 500 வீதம் 17 மாசத்தில் நான் கட்டி முடிச்சேன்.

அப்புறம்தான் எங்களுக்குப் புரிஞ்சது. செக்குக்கு ரெண்டு கையெழுத்து கேட்ட நாம, போனுக்கு ஒரு துணைகூட வைக்கலை. பெட்டி மாறினப்ப காவலை விட்டுட்டோம். திருடனுக்கு வேண்டியது நாம தனியா இருக்கணும், அவசரப்படணும், பிறகு வெட்கப்பட்டு வாயை மூடணும். அவ்வளவுதான்.

அதனால் தீர்மான நோட்டில் புதுசா எழுதினோம். ஆர்டர் பணத்துக்குத் தனிக் கணக்கு. வாராவாரம் அதைக் குழுக் கணக்குக்கு மாத்திடணும், அதில் அதிகம் நிற்கக் கூடாது. பணம் வாங்க பின் நம்பர் வேண்டவே வேண்டாம், பின் போட்டா பணம் வெளியேதான் போகும் என்பதை எல்லாரும் மனப்பாடம் செய்யணும். 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பும்போது பக்கத்தில் இன்னொருத்தர் இருந்து, பேரையும் தொகையையும் சத்தமா வாசிக்கணும். வாடிக்கையாளர் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாம நம்ம கணக்கில் ஏறிடுச்சான்னு பார்க்கணும். கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் வந்தா திறக்கக் கூடாது. வாட்ஸ்அப்புக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டு வைக்கணும். ஓடிபியை பேங்க்காரர்னு சொன்னாலும் சொல்லக் கூடாது.

கடைசித் தீர்மானம்: ஏமாந்தவங்க அந்த நிமிஷமே 1930க்கும் பேங்குக்கும் குழுவுக்கும் சொல்லணும். சொன்னவங்களை யாரும் ஏசக் கூடாது.

இந்தக் கட்டுரையில் என் தப்பை எழுதினது அந்தக் கடைசித் தீர்மானத்துக்காகத்தான். உங்க குழுவிலும் யாராவது நாலு நாளா சோறு இறங்காம இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை ஒருமுறை சத்தமா வாசிங்க.