மாணவ நேசன் முதல் முரசொலி வரை: திருவாரூர் மாணவர் இதழியலின் தோற்றம்

முன்னுரை

திராவிட இயக்க இதழ்களின் வரலாறு பெரும்பாலும் அச்சு இதழ்களிலிருந்தே தொடங்கப்படுகிறது. அச்சேறுவதற்கு முன் மாணவர்கள் கையால் எழுதிச் சுற்றுக்கு விட்ட இதழ்கள் ஆய்வில் உரிய இடம் பெறவில்லை. மு. கருணாநிதி மாணவப் பருவத்தில் நடத்திய ‘மாணவ நேசன்’, ‘முரசொலி’ ஆகியவற்றின் தோற்றத்தையும் அவற்றைத் தாங்கிய மாணவர் அமைப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்ப்பின் விளைவாக அவ்வாணை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பள்ளிப் பாடத்திட்டமே அரசியல் களமானதால் மாணவர்கள் அக்களத்தின் நேரடித் தரப்பினராயினர். திருவாரூரில் பயின்ற கருணாநிதி பதினான்கு வயதில் இப்போராட்டத்தில் ஈடுபட்டார்.

கையெழுத்து இதழும் மன்றமும்

1941இல் ‘மாணவ நேசன்’ கையெழுத்து இதழாக வெளிவந்தது. அக்காலத்திலேயே தமிழ்நாடு தமிழ் மாணவர் மன்றம் உருவானது. அதன் ஆண்டு விழாவில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த க. அன்பழகன், கே. ஏ. மதியழகன் ஆகியோர் உரையாற்றினர். பாரதிதாசன் வாழ்த்துக் கவிதை அனுப்பினார். ஊதியம் பெறும் ஆசிரியர் குழுவோ அலுவலகமோ இன்றி இயங்கிய இதழுக்கு நட்பு வட்டமும் மன்றமுமே துணைநின்றன. எழுதுவோர், படிப்போர், பரப்புவோர் என்ற பிரிவினை இங்குக் கூர்மை பெறவில்லை.

அச்சுக்கு மாறுதல்

1942 ஆகஸ்டு 10ஆம் நாள் ‘முரசொலி’ துண்டறிக்கை வடிவில் அச்சில் வெளிவந்தது. ஆசிரியர் ‘சேரன்’ என்ற புனைபெயரில் எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. போர்க்காலத்தில், முதலீடற்ற மாணவருக்குத் துண்டறிக்கையே எட்டக்கூடிய வடிவம். பெயர் மாற்றமும் கருதத்தக்கது: ‘மாணவ நேசன்’ தன் வாசகரைச் சுட்டுகிறது, ‘முரசொலி’ தன் பணியைச் சுட்டுகிறது. மாணவரோடு பேசிய இதழ் பொதுமக்களை அழைக்கும் இதழாக மாறியதை இது காட்டுகிறது.

இம்மாற்றத்திற்கு விலையும் இருந்தது. அதே ஆண்டில் தம் ‘திராவிட நாடு’ இதழில் ‘இளமைப் பலி’ என்னும் கட்டுரையை வெளியிட்ட அண்ணா, அதை எழுதியவர் பள்ளி மாணவர் என்றறிந்து, படிப்பில் கருத்துச் செலுத்துமாறு அறிவுறுத்தினார். கருணாநிதி பள்ளியிறுதித் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை.

முடிவுரை

‘முரசொலி’ 1948இல் வார இதழாகவும் 1960இல் நாளிதழாகவும் வளர்ந்தது. இவ்வளர்ச்சியை ஒரு தலைவரின் தனித்திறனாக மட்டும் கொள்வது அதைத் தாங்கிய மாணவர் வட்டத்தை மறைத்துவிடும். இத்தொடக்கக் காலச் செய்திகள் பலவற்றுக்கு ‘நெஞ்சுக்கு நீதி’ என்னும் தன்வரலாறே அடிப்படையாதலின், அதன் நினைவுகூரலைப் பிற மன்றத்தினரின் நினைவுகளோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கையெழுத்து இதழ்களையும் இதழியல் சான்றுகளாக ஏற்கும்போதே தமிழ் மாணவர் அரசியலின் வரலாறு முழுமை பெறும்.